தலை குனிந்தால் ஓம்

போன சனிக்கிழமை பின்னேரம் ஏன் மோல் பக்கம் வரவில்லை என்று கேட்டீர்கள். நாடகம் பார்க்கப் போனேன் என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு. இங்கிலீசும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது, உனக்கு என்ன நாடகம் என்று ஒருவர் கேட்டார். மோலுக்குள் கோப்பிக் கடைக்கு முன்னால் இருக்கிற அந்த வாங்கில் குந்தியிருந்து சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. நான் தொடங்கி நடுவுக்கு வருவதற்குள் யாராவது பஸ்ஸுக்கு எழும்பிவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் என் பேத்தி படிக்கிற கொலிச்சில் நாடகம். இங்கிலாந்தில் ஒரு ராணி ஆண்ட காலத்துப் பகிடி நாடகமாம். பேத்திதான் அதில் வாய்க்காரப் பெட்டை. "அம்மப்பா, அந்தக் காலத்திலை பொம்பிளையளை மேடையிலை ஏற விடமாட்டினமாம். பெடியள்தான் சாறி கட்டி நடிச்சவையாம்," என்று அவள் ஒருநாள் சொன்னாள். சாறி என்று அவள் எனக்கு விளங்குவதற்காகச் சொன்னது. எனக்கு அப்போதே கழுத்துக்குப் பின்னால் ஏதோ சுட்டது. நானும் சாறி கட்டி நடித்தவன் என்று அவளுக்குத் தெரியாது. என் மனிசியும் அது தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

தெரிந்த ஒரே ஆள் என் அக்கா. அதனால்தான் மகளிடம் சொன்னேன், போகிற வழியில் இல்-பிசார் தீவுக்குப் போய் மாமியையும் ஏற்றுவோம் என்று.

அக்கா அங்கே மகனோடு இருக்கிறாள். பெரிய வீடு. சுற்றிவரப் புல், நடுவில் வீடு, அடுத்த வீட்டுக்காரன் யார் என்று தெரியாது. எங்கள் லாசால் மாதிரி இல்லை. இங்கே கீழே இறங்கினால் டெப்பனர் என்கிற மூலைக்கடை, அடுத்த தெருவில் பஸ், மேல்மாடியில் கருவாடு பொரிக்கிற மணம். அங்கே பஸ் எப்போதாவது வரும். அதற்கும் தெரு முனைக்கு நடக்க வேண்டும், பனியில் அக்காவால் நடக்க முடியாது. கோடையில் மட்டும் ஆறு கடந்து லவாலுக்குப் போக ஒரு மிதவை ஓடும், நாங்கள் ஊரில் பாதை என்போமே, அது போல. அது ஓடுகிற நாளில் அக்கா சன்னலோரம் இருந்து கார்கள் அதற்குப் போவதைப் பார்ப்பாள். மற்ற நாளில் தெருவைப் பார்ப்பாள். மகன் நல்ல பிள்ளை. அதையும் சொல்ல வேண்டும்.

இனிப் பழைய கதைக்கு வாறேன். அந்த ஊரை நினைத்து ஏங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த வீடு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நேர்ந்தது கிடையாது.

அது வேம்பு பூக்கிற காலம். வெயில் முகத்தில் அடிக்கும். எங்களுடையது ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். இங்கிலீசு படிப்பித்த வாத்தியார் பரிசளிப்பு விழாவுக்கென்று பழைய காலத்து இங்கிலீசு நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதினார். பேத்தி நடித்ததும் அதே நாடகமோ, வேறொன்றோ, எனக்குத் தெரியாது. கேட்டால், அந்தக் காலத்துப் பகிடி நாடகம் எதை எடுத்தாலும் கடைசியில் கலியாணம்தான் என்கிறாள். வாத்தியாரின் கதை இதுதான்: பட்டணத்து வியாபாரி ஒருவனுக்கு ஒரு மகள். கலியாணமே வேண்டாம் என்கிறாள். வருகிற மாப்பிள்ளைமாரை எல்லாம் வாயால் அடித்துக் கலைக்கிறாள். கடைசியில் பட்டணத்து அதிபதி வந்து, நீ இவனுக்கு, நீ அவனுக்கு என்று சோடி சேர்த்து வைக்கிறான். திரை விழுகிறது.

மகளாக என்னைப் பிடித்தார்கள். என் குரல் உடையவில்லை, கழுத்தும் கொக்குக் கழுத்து.

வசனம் பாடமாக்க வைத்தது அக்கா. எனக்கு எழுத்து ஓடாது, அவள் சொல்லச் சொல்ல நான் சொல்வேன். சொல்லிக்கொண்டே அவள் வசனத்தையும் மாற்றினாள். வாத்தியாரின் எழுத்தில் முதல் மாப்பிள்ளை, "உன்னை என் வீட்டில் பூப்போல வைத்திருப்பேன்" என்பான். நான் "வேண்டாம் போம்" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். அக்காவுக்கு அது போதவில்லை. "இப்பிடிச் சொல்லு தம்பி: காலையில் தலையில் சூடுவீர், மாலையில் குப்பையில் வீசுவீர், பூவுக்கு உம்மை நன்றாகத் தெரியும்." அடுத்தவன் படைவீரன், "உனக்காக உயிரையும் கொடுப்பேன்" என்பான். அதற்கு அக்கா வைத்த வசனம்: "உயிர் உம்மிடமே இருக்கட்டும், அடுப்புக்கு இரண்டு விறகு கொத்தித் தருவீரா?"

ஒத்திகையில் இதைச் சொன்னபோது வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"உந்த வசனம் ஆரடா சொல்லித் தந்தது?"

"அக்கா, சேர்."

"கெட்டிக்காரி," என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உவ்வளவு கெட்டித்தனம் இருந்தால் மாப்பிள்ளை எடுக்கிறது கஸ்டம்," என்று அதற்கும் சிரித்தார்.

ஆனால் மாப்பிள்ளை எடுத்தாயிற்று. அதுதான் அந்தக் காலத்தில் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கதை.

அண்ணனுக்கு ஒரு பெட்டையைப் பிடித்துவிட்டது. கூட்டுறவுச் சங்கக் கடையில் கண்டவனாம். பெட்டை வீட்டார் சரி என்றார்கள், ஆனால் மாற்றுச் சம்பந்தமாகத்தான் செய்வோம் என்றார்கள். உங்களுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகள் வாசித்தால் விளங்க வேண்டும் என்று எழுதுகிறேன்: அவர்கள் வீட்டுப் பெட்டை எங்கள் அண்ணனுக்கு, அவளின் தமையன் எங்கள் அக்காவுக்கு. ஒன்று நடந்தால் இரண்டும் நடக்கும். ஒன்று குழம்பினால் இரண்டும் குழம்பும்.

அக்கா கொழும்புக்குப் போய் நேர்ஸ் படிக்க ஆசைப்பட்டவள். காயத்துக்கு மருந்து கட்டுகிறேன் என்று என் முழங்காலில் அவள் சுற்றிய துணிகள் கொஞ்சநஞ்சமில்லை. காயம் இல்லாத காலிலும் சுற்றுவாள்.

அண்ணன் கெஞ்சிய விதம் இன்னும் காதில் கிடக்கிறது. புட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "தங்கச்சி, எல்லாம் உன்ரை கையிலைதான் கிடக்கு," என்றான்.

"என்ரை கையிலை கிடந்தால் என்னைக் கேளுங்கோவன்."

"கேக்கிறம், கேக்கிறம். கேக்காமல் செய்வமே?" என்றார் ஐயா, எங்கள் தகப்பன். பிறகு அண்ணனோடு பந்தல்காரனைப் பற்றிக் கதைத்தார்.

எனக்கு அது அப்போது ஒன்றாகவும் படவில்லை. எனக்கு இருந்த ஒரே யோசனை நாடகத்தின் கடைசிக் கட்டம். அதில் எனக்கு வசனம் இல்லை. நாடகம் முழுக்கக் கதைக்கிறேன், அதிபதி வந்து மூன்றாவது மாப்பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுக்கிறான், எனக்கு ஒரு சொல்லும் கிடையாது. வாத்தியாரைக் கேட்டேன்.

"சேர், அதிலை நான் என்ன சொல்லுறது?"

"ஒண்டும் இல்லையடா. தலையைக் குனி. சனத்துக்கு விளங்கும், ஓம் எண்டு."

எனக்குக் குனியத் தெரியவில்லை. நான் குனிந்தால் காசு துலைத்தவன் மாதிரி இருக்கிறதாம். அக்காவிடம் காட்டித் தரச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்து நாடகப் பெட்டியில் இருந்து தந்த ஊதாச் சாறி அது. சரிகை எல்லாம் கறுத்து, பூச்சி உருண்டை மணமும் வேறு யாரோ பெடியன்களின் வேர்வை மணமும் கலந்து வரும். அதோடு ஒரு சவுரி. அது அக்காவின் தலைமயிரிலேயே கட்டியது. சீப்பில் வருவதை எறியாமல் ஒரு பிஸ்கட் ரின்னில் சேர்த்து வைத்திருந்தாள். அந்த ரின் பிறகு வீட்டோடு போயிற்று.

கிணற்றடியில் அக்கா அந்தச் சாறியைச் சட்டைக்கு மேலே சுற்றிக்கொண்டு நின்றாள். "பார் தம்பி, இதுதான் பொம்பிளை. நாடி நெஞ்சிலை முட்ட வேணும். கண் நிலத்திலை. பெருவிரல் மண்ணைக் கிண்ட வேணும். மூச்சு விடவும் அவரைக் கேட்டுத்தான்." அப்படியே நின்றாள். பகிடிக்கு. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த நேரம்தான் ஐயா வீட்டைச் சுற்றி ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தார். அக்காவுக்குப் பேசின மாப்பிள்ளையின் தாய், கையில் ஓலைப் பையில் பலாப்பழத் துண்டு. சொல்லிக்கொண்டு வந்து பெண் பார்த்து, பிறகு வேண்டாம் என்றால் இரண்டு வீட்டுக்கும் வெட்கக்கேடு. அதனால் எங்கள் பக்கத்தில் சும்மா வந்த மாதிரித்தான் வருவார்கள்.

அந்த மனிசி வேலியோரம் அப்படியே நின்றுவிட்டா. வாயில் கை வைத்தா.

"என்ன அடக்கம்! இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பிள்ளையைக் காணேலுமே?"

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஐயோ இல்லை மாமி, இது நாடகம். தம்பிக்குக் காட்டினனான்."

"ஓம் ஓம், நாடகம்தான்." மனிசிக்கு ஒரே சிரிப்பு. "வெக்கத்திலை என்னவோ சொல்லுது பிள்ளை."

"உண்மையா மாமி. எனக்கு உதொண்டும்..."

"காணும் பிள்ளை, காணும். ஆரும் உன்னை வாய் திறக்கச் சொல்லேல்லை," என்று அக்காவின் கன்னத்தைத் தடவினா. அன்பாகத்தான் தடவினா. ஐயாவின் முகத்தில் நான் அவ்வளவு சந்தோசத்தை அதற்கு முந்திக் கண்டதில்லை. நான் பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் அக்கா ஐயாவுக்கு முன்னால் போய் நின்றாள். "ஐயா, என்னைக் கேக்கிறன் எண்டனீங்கள்."

"என்னத்தைக் கேக்கிறது? வந்து பாத்திட்டினம், அவைக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சு. அண்ணன்ரை பக்கமும் சரி. இனி என்ன கேள்வி?"

"எனக்குப் பிடிச்சதோ எண்டு."

ஐயா அவளை வடிவாகப் பார்த்தார். கோபம் இல்லை. நாய் திடீரென்று கதைத்தால் எப்படிப் பார்ப்போம், அப்படி. "நீதானே மோனை தலையைக் குனிஞ்சு நிண்டனி," என்றார்.

விழாவுக்கு முதல் நாள் அக்கா எனக்குச் சவுரி கட்டிப் பார்த்தாள். ஊசி குத்திக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "தம்பி, கடைசியிலை குனியாதை."

"சேர் ஏசுவார்."

"ஏசட்டும். நேரை பாத்துக்கொண்டு நில். உன்னைக் கேக்கும் வரைக்கும் நில்."

மண்டபத்துக்குத் தகரக் கூரை. பின்னேர வெயிலில் உள்ளே அடுப்புத்தான். முகப்பவுடர் வேர்வையில் ஊறி வாய்க்குள் வந்து கசந்தது. முன்வரிசைக் கதிரையில் இரண்டு வீட்டாரும். அக்கா நடுவில், ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாப்பிள்ளையின் தாய். நான் பூ வசனத்தைச் சொன்னபோது மண்டபம் அதிர்ந்தது. விறகு வசனத்துக்கு மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. அந்த வசனம் தனக்குப் பக்கத்தில் இருக்கிறவளின் வாயில் இருந்து வந்தது என்று அந்த மனிசிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வெக்கத்தில் என்னவோ செய்தது பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பா.

கடைசிக் கட்டம் வந்தது. அதிபதி சொல்ல வேண்டியதைச் சொன்னான். நான் நேரே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனம் காத்துக்கொண்டிருந்தது. மேளகாரர் காத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத் திரைக்குள் இருந்து வாத்தியார், "குனியடா! டேய், குனி!" என்று சீறினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கதிரையின் நுனிக்கு வந்திருந்தாள்.

மாப்பிள்ளையாக நடித்த பெடியன் என்னிலும் இரண்டு மடங்கு. அவனுக்குப் பயம் வந்துவிட்டது போல. கையைத் தூக்கி என் பிடரியில் வைத்து, ஒரே அமத்து. என் தலை கீழே போயிற்று. சவுரி கழன்று காலில் விழுந்தது.

அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கூரை பறந்துவிடும் போல. கைதட்டு நிற்கவில்லை. ஐயா சிரித்தார், அம்மா சிரித்தா, அண்ணன் எழும்பி நின்று கைதட்டினான். மேளம் அடித்தார்கள், திரை விழுந்தது. அந்த வருசம் அதுதான் திறமான நாடகம் என்றார்கள். திரை விழுமுன், பிடரியில் அந்தக் கை இருக்கத்தக்கதாகவே, தலையைப் பக்கவாட்டில் சரித்துப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து, மடியில் கை இரண்டையும் வைத்துக்கொண்டு இருந்தாள். வேலை முடிந்த ஆள் இருக்கிற மாதிரி.

ஆவணியில் இரண்டு கலியாணமும் ஒரே பந்தலில் நடந்தன. எனக்கு அதில் நினைவு இருப்பது பச்சைச் சோடாவும், புதுக் களுசான் இறுக்கிய இடுப்பும்தான்.

அத்தான் கெட்டவர் இல்லை. குடிக்கவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அக்கா ஏதும் மனத்தாங்கலோடு எங்கள் வீட்டுக்கு வந்தால், வந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், அண்ணி அறைக்குள் போய்த் தன் றங்குப்பெட்டியை இழுத்து உடுப்பு அடுக்கத் தொடங்குவா. பெட்டி மூடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அண்ணன் வாசலில் வந்து நின்று அக்காவைப் பார்ப்பான். அக்கா பொழுதுபடுவதற்கு முன்னம் திரும்பிப் போய்விடுவாள். ஊர் முழுக்க எங்கள் இரண்டு வீட்டின் ஒற்றுமையைத்தான் சொல்லும். நானும் நெடுங்காலம் அது ஒற்றுமை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு சண்டை, ஓட்டம், கனடா. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐயா, அம்மா, அண்ணன், அத்தான் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவை மகன் கூப்பிட்டு, அந்தத் தீவில் வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை நாடகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பேத்தி வாயைத் திறக்கத் திறக்கச் சனம் சிரிப்பதும், பெடியள் முழுசுவதும் விளங்கியது. அக்கா எனக்கு முழங்கையால் இடித்து, "உது விறகு வசனமாக்கும்," என்றாள். எத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்!

கடைசியில் நீள அங்கி போட்ட ஒருவன் வந்து சோடி சேர்த்தான். பேத்தியின் கையையும் ஒரு பெடியனின் கையில் கொடுத்தான். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. நாடியை நெஞ்சில் முட்டக் குனிந்தாள். சனம் கைதட்டப் போகிற நேரம்.

"அவள் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லையே!"

அக்காவுக்குக் காது மந்தம். தான் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறாள் என்று தெரியாது. முன்னால் இருந்த வெள்ளைக்கார மனிசி திரும்பிப் பார்த்தா. மேடையில் பேத்தி தலையைத் தூக்கி இருட்டுக்குள் எங்களைத் தேடினாள். பிறகு கைதட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டது.

வெளியே பேத்தி பூச்சு முகத்தோடு ஓடி வந்தாள். "பெரியாச்சி, அதுக்குப் பிறகு எனக்கு லைன் இல்லை. எழுதின ஆள் ஒண்டும் எழுதேல்லை."

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றாள் அக்கா.

திரும்பி வரும்போது பனி தூறியது. மகள் கார் ஓடினாள், நான் முன்னுக்கு, அக்கா பின்னுக்கு. இல்-பிசாரில் வீட்டுக்கு முன்னால் கார் நின்றதும் அக்காவின் மகன் வீட்டுச் செருப்போடு, தோளில் குளிர் யக்கற்றைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து பின்கதவைத் திறந்தான்.

"அம்மா, இறங்குவமே?"

அக்கா நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மா களைச்சுப் போனா," என்றான் எங்களைப் பார்த்து. அவளிடம் கேட்கவில்லை. குனிந்து உள்ளே கையை விட்டான். காரின் கூரை முட்டிவிடக் கூடாது என்று உள்ளங்கையை அவள் பிடரியில் வைத்து மெல்ல அமத்தினான். பூவை அமத்துகிற மாதிரித்தான். "தலை தட்டும், குனியுங்கோ அம்மா."

முன்சீற்றில் இருந்த என் பிடரி எரிந்தது.

"கையை எடு," என்றாள் அக்கா.

"என்னம்மா?"

"கையை எடு தம்பி. நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

மகன் கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டான். மகள் என்னைப் பார்த்தாள், நான் பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினேன். அக்கா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு முன்கண்ணாடியில் விழுகிற பனியைப் பார்த்தாள். மூன்று பேரும், திறந்த கதவால் குளிர் உள்ளே வர வர, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தோம்.